உப்புத் தோல்

எங்கள் கொட்டகையில் தண்ணீர்க் குழாய் கிடையாது.
கை கழுவ முற்றம் தாண்டிப் போகவேண்டும்.
மழையில் நனைந்த கோட்டை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.
நைலான் காலுறை போட்டு வந்த புதுப் பையனை
ராடோவான் முதல் நாளே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான்.
சுவரோரம் சிவப்பு வாளிகள், உள்ளே உலர்ந்த மணல்.
தீப்பிடித்தால் தண்ணீரை நினைக்கவும் ஆகாது:
மெக்னீசியம் அதையும் குடித்துக்கொண்டு எரியும்.
உப்பைத் தின்றால் தண்ணீர் குடித்தாகவேண்டும்.
இங்கே அதற்கும் வழியில்லை.

உருகிய உலோகமும் உருகிய உப்பும்
ஒரே உலையிலிருந்து இறங்கும்.
சுழலும் கிண்ணத்தில் பட்டுத் தெறிக்கிற துளி
கீழே போய்ச் சேர்வதற்குள்
ஒரு தோல் போர்த்திக்கொள்ள வேண்டும்.
மிஞ்சுவது சாம்பல் நிறக் குறுமணி,
கடுகைவிடச் சற்றுச் சிறியது,
நகத்தால் கீறினால் வெள்ளையாய் உதிரும்.
அவ்வளவுதான் நாங்கள் செய்வது.
ஓல்ஸா ஆற்றுக்கு அந்தப் பக்கம் எஃகு ஆலை.
அதன் இரும்பில் ஒளிந்திருக்கும் கந்தகத்துக்கு
இது தீனியா, அது இதற்குத் தீனியா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

என் வேலை சல்லடை, பிறகு நுண்ணோக்கி.
முந்நூறு மணிகளில் வழுக்கை எத்தனை என்று எண்ணுவது.
தோல் மூடாத இடத்தில் உலோகம் கூசாமல் மினுங்கும்,
அதைத்தான் வழுக்கை என்கிறோம்.
தோலுள்ளது பொறுக்கும்.
குழல் வழியே நைட்ரஜனோடு பாய்ந்து
உருகிய இரும்புக்குள் இரண்டு மீட்டர் ஆழம் போய்
அங்கேதான் உப்பைக் கைவிடும்,
ஆவியாகும், கந்தகத்தைப் பற்றிக்கொண்டு
கசடாக மேலேறும்.
உப்புக்கு நன்றி பாராட்டாத பொருள்;
அதற்காகவே விலை.
வழுக்கைக்குப் பொறுமையில்லை.
குழலின் தொண்டையிலேயே பற்றிக்கொள்ளும்.
இரும்பு துப்பும்.

வியாழன் இரவு பதினொன்றரைக்கு
பதினேழு.
மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.
ஐந்தைத் தாண்டக்கூடாது.
வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது,
ஹின்யெக் இரண்டு முறை ஹாரன் அடித்தான்.
ராடோவான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவனும் குனிந்து பார்த்தான்.
"பன்னிரண்டு டன், ட்ரஹோமீரா.
அங்கே கொப்பரை ஆறிக்கொண்டிருக்கிறது."
எண்ணிக்கைத் தாளை அவன் பக்கம் நகர்த்தினேன்.
கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.
வெகுநேரம் அதையே பார்த்தான்.
பிறகு வெளியே போய்
எஞ்சினை அணைக்கச் சொன்னான்.

அங்கே குழலை இறக்குகிறவன் யார் என்று
அவனுக்கும் தெரியும்.
அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால்
இரண்டாவது முறை எண்ணியிருப்பேனா?
அன்றும் கேட்டுக்கொண்டேன்,
இப்போதும் கேட்கிறேன்.
நுண்ணோக்கி அதையெல்லாம் காட்டுவதில்லை.

காலை ஆறேகாலுக்கு போகுஸ்லாவ் வந்தான்,
கோட்டில் அழுகிய முட்டை வாடை.
சுண்ணாம்பை வைத்தே ஒப்பேற்றினார்களாம்.
கந்தகம் பாதிதான் இறங்கியதாம்.
தண்டவாளமாகப் போகவேண்டிய எஃகு
கட்டடக் கம்பிக்குப் போய்விட்டதாம்.
மேற்பார்வையாளர் எல்லாரையும் நிற்கவைத்துத் திட்டினாராம்.
"உங்கள் பக்கத்தில் எவனோ ஒரு முட்டாள்
லாரியை நிறுத்திவிட்டான்."
"நிறுத்திவிட்டாள்" என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை.
நீள ரொட்டியின் மேலிருந்த உப்புக் கற்களை
கத்தி முனையால் சுரண்டித் தட்டோரம் ஒதுக்கினான்,
ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து
தினமும் செய்வதுபோல.
பிறகு கேட்டான், எத்தனை என்று.
பத்தொன்பது என்றேன்.
முதலில் வந்தது பதினேழு.
அதைச் சொல்லவில்லை.